நாடு கடந்த தத்து: கோப்புகள் யார் பொறுப்பில் இருக்கின்றன?

பெறுநர்:
ஹேக் தத்தெடுப்பு உடன்படிக்கையில் இணைந்துள்ள நாடுகளில் தத்து விவகாரங்களுக்குப் பொறுப்பான மைய ஆணையங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். நாடு கடந்த தத்து என்ற ஏற்பாடு நம் கண்ணெதிரே முடிவுக்கு வந்துகொண்டிருக்கிறது. 2018இல் எத்தியோப்பியா அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. 2024 ஜனவரியில் டென்மார்க்கில் இந்தப் பணியைச் செய்துவந்த ஒரே முகமை கையை விரித்தது. அதே ஆண்டு மே மாதம் நெதர்லாந்து, படிப்படியாக நிறுத்தப்போவதாகச் சொன்னது. செப்டம்பரில் சீனா, உறவினர் பிள்ளையைத் தத்தெடுப்பது போன்ற சில நேர்வுகளைத் தவிர மற்றதெல்லாம் முடிந்தது என்று அறிவித்தது. 2025 ஜனவரியில் சுவிட்சர்லாந்து அரசு, தடைச் சட்டம் கொண்டுவரும் எண்ணத்தை வெளியிட்டது. ஜூனில் சுவீடன் அரசு அமைத்த விசாரணைக் குழு, நிறுத்திவிடுங்கள் என்று பரிந்துரைத்தது. 2004ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் ஏறத்தாழ 45,000 குழந்தைகள் இவ்வாறு எல்லை கடந்தார்கள். இன்று ஓர் ஆண்டில் போகிறவர்கள் அதில் பத்தில் ஒரு பங்குகூட இருக்கமாட்டார்கள்.

நிறுத்தியது சரியா, தவறா என்று வாதாட நான் இதை எழுதவில்லை. அந்த வாதத்துக்கு இரு தரப்பிலும் ஆள் இருக்கிறது. இரு தரப்பிலும் நியாயமும் இருக்கிறது. நான் கேட்க வந்தது வேறு. கடையை மூடுகிறவர் கணக்குப் புத்தகத்தை என்ன செய்யப்போகிறார் என்று கேட்க, அங்கே பணம் போட்டவருக்கு உரிமை உண்டு அல்லவா? உங்கள் ஒப்பந்தங்களின் கீழும், ஒப்பந்தம் என்ற ஒன்றே இல்லாத காலத்திலும் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கான குழந்தைகள் இன்று முப்பது, நாற்பது, ஐம்பது வயதுப் பெரியவர்கள். அவர்களில் சிலருடைய கோப்புகளைத் தேடி எடுக்கவும், கிடைத்ததைப் படித்துப் புரிந்துகொள்ளவும் உதவுகிறவர்களில் நானும் ஒருவன். அந்த வேலையில் கண்டதை வைத்துத்தான் பேசுகிறேன்.

முதலில் உங்களுக்குச் சேர வேண்டிய பாராட்டைச் சொல்லிவிடுகிறேன். நாடு கடந்த தத்தை ஒழுங்குபடுத்த 1993 மே 29 அன்று ஹேக் நகரில் முடிவான உடன்படிக்கை சாதாரணக் காகிதம் அல்ல. குழந்தை பிறந்த பிறகே தாயின் சம்மதம் பெற வேண்டும், அந்தச் சம்மதம் பணம் கொடுத்து வாங்கப்பட்டதாக இருக்கக்கூடாது, சொந்த நாட்டில் குடும்பம் கிடைக்குமா என்று முறையாகப் பார்த்த பிறகே வெளிநாட்டை நினைக்கலாம் என்று நான்காம் ஷரத்து வகுத்தது. எந்த நாடும் தனக்குப் பிடிக்காத ஷரத்தை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுச் சேர முடியாது என்றும் நாற்பதாம் ஷரத்து கதவை அடைத்தது. 1995 மே மாதம் அது நடைமுறைக்கு வரக் காரணமான முதல் மூன்று நாடுகள் மெக்சிகோ, ருமேனியா, இலங்கை. இவற்றில் ருமேனியாவிலிருந்து 1989 ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பிந்தைய ஒன்றரை ஆண்டுக்குள் ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகள் வெளியே கொண்டுசெல்லப்பட்டிருந்தார்கள். இலங்கையிலிருந்து எண்பதுகளில் ஐரோப்பாவுக்குப் போன குழந்தைகளின் கதையும் ஊரறிந்தது. அடிபட்ட நாடுகள்தாம் முதலில் ஏற்று உறுதிசெய்தன. குழந்தைகளைப் பெற்றுக்கொண்ட பெரிய நாடுகள் நிதானமாக வந்தன. அமெரிக்காவில் உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது 2008 ஏப்ரலில். தென்கொரியாவில் 2025 அக்டோபரில்தான்.

இந்தியாவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1982இல் லட்சுமி காந்த் பாண்டே என்ற வழக்கறிஞர், வெளிநாட்டுத் தத்து என்ற பெயரில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதினார். நீதிமன்றம் அந்தக் கடிதத்தையே மனுவாக எடுத்துக்கொண்டது. 1984இல் வந்த தீர்ப்பு, தத்துக்கென்று தனிச் சட்டம் இல்லாமல் 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டத்தை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்த நாட்டுக்கு ஒரு முழு நடைமுறையை வகுத்துக் கொடுத்தது. பிள்ளை வளர்ந்து பக்குவம் அடைந்தபின் தன்னைப் பெற்றவர்களைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பினால், சொல்வதில் பெரிய ஆட்சேபம் இருக்க முடியாது என்ற பொருளிலும் நீதிபதி பகவதி எழுதினார். ஹேக் உடன்படிக்கைக்கு ஒன்பது ஆண்டுகள் முன்னால்! கடிதம் எழுதினால் எதுவும் நடக்காது என்று யாராவது என்னிடம் சொன்னால் இந்த வழக்கைத்தான் காட்டுவேன். இந்த மடலுக்கும் அதுதான் தைரியம்.

இனி குறைகளுக்கு வருகிறேன். ஷரத்து எண்களை அடுக்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்; உங்கள் அலுவலகங்களில் அந்த எண்களுக்குத்தான் காது இருக்கிறது.

முப்பதாம் ஷரத்து, குழந்தையின் பூர்வீகம் பற்றிய தகவல்களை, குறிப்பாகப் பெற்றோர் யார் என்ற விவரத்தையும் மருத்துவ வரலாற்றையும், நாடுகள் பாதுகாத்து வைக்க வேண்டும் என்கிறது. அதன் இரண்டாம் பத்தி, அந்தத் தகவலைப் பிள்ளை பார்க்க வழிசெய்ய வேண்டும் என்றும் சொல்கிறது. கூடவே, அந்தந்த நாட்டுச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு என்று ஒரு வால். முழு ஷரத்தும் அந்த வாலில்தான் தொங்குகிறது. எத்தனை ஆண்டு பாதுகாக்க வேண்டும்? சொல்லவில்லை. யார் கையில்? உரிய அதிகார அமைப்புகள் என்பதோடு சரி. கோப்பை வைத்திருந்த முகமை திவாலானால்? அதற்குப் பதில் இல்லை. நாற்பத்தோராம் ஷரத்தோ, உடன்படிக்கை இரு நாடுகளிலும் நடைமுறைக்கு வந்த பிறகு கொடுக்கப்பட்ட விண்ணப்பங்களுக்கு மட்டுமே இவை பொருந்தும் என்று கோடு போட்டுவிடுகிறது. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் போனவர்கள் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம். இன்று கோப்பைத் தேடிக் கதவைத் தட்டுகிறவர்களில் பெரும்பாலானோர் அவர்கள்தாம்.

சில நாடுகள் இந்த ஓட்டையைத் தம் சொந்தச் சட்டத்தால் அடைத்திருக்கின்றன. அமெரிக்காவின் 2000ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், உடன்படிக்கையின் கீழ் நடந்த தத்துகள் குறித்து அரசிடம் உள்ள ஆவணங்களைக் குறைந்தது 75 ஆண்டுகள் வைத்திருக்கச் சொல்கின்றன. ஒரு மனித ஆயுள் அளவுக்காவது யோசித்திருக்கிறார்கள். ஆனால் அதுவும் உடன்படிக்கைத் தத்துகளுக்கும், அரசின் கையில் உள்ள தாள்களுக்கும் மட்டுமே. வியட்நாமிலிருந்து 1975 ஏப்ரலில் ராணுவ விமானங்களில் அள்ளிக்கொண்டு போகப்பட்ட ஈராயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு அதில் இடம் கிடையாது.

ஒரு கோப்பு எப்படி இருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அதற்கு உரியவரின் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் படித்த அனுபவம் எத்தனை பேருக்கு இருக்கும் என்று தெரியவில்லை. எண்பதுகளின் கோப்பு ஒன்றைச் சொல்கிறேன். மெல்லிய தாளில் கார்பன் பிரதிகள்; ஓரத்தில் துருப்பிடித்த குண்டூசி குத்திய பழுப்புத் தடம். மேலே நீதிமன்ற உத்தரவு. அடுத்து ஒப்படைப்புப் பத்திரம்: தாயின் கைரேகை, கீழே சாட்சிகள் இருவர். கைரேகை வைத்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது வெளிப்படை. பத்திரமோ ஆங்கிலத்தில் தட்டச்சு செய்யப்பட்டிருக்கிறது. படித்துக் காட்டி விளக்கப்பட்டது என்ற வரி எங்கும் இல்லை. இரண்டு சாட்சிகளின் கையெழுத்தும் ஒரே சாய்வு, ஒரே சுழி. பிறகு மருத்துவத் தாள்: எடை, உயரம், தலைச் சுற்றளவு. பெற்றோரின் நோய் வரலாறு என்ற இடத்தில் ஒரு கோடு. கடைசியாகக் குழந்தை ஆய்வு அறிக்கை: தாய் மணமாகாதவர், வறுமை, உறவினர் ஆதரவு இல்லை, குழந்தை சிரித்த முகம், இசை கேட்டால் திரும்பிப் பார்க்கும்.

அந்தக் கடைசி வரியைப் படித்தபோது கோப்புக்கு உரியவர் அழுதார். இசை கேட்டால் திரும்பிப் பார்க்கும் என்பது, தன்னைப் பற்றி அந்த நாட்டில் யாரோ கவனித்து எழுதிய ஒரே வரி என்று எண்ணினார். பின்னொரு நாள், அதே இல்லத்திலிருந்து போன இன்னொருவரின் கோப்பு என் கைக்கு வந்தது. அதிலும் மணமாகாத தாய், வறுமை, ஆதரவின்மை, இசை, திரும்பிப் பார்த்தல். எழுத்துப் பிழைகள்கூட அதே இடங்களில். முதல் கோப்பு பெண் குழந்தையுடையது, இரண்டாவது ஆண். ஓர் இடத்தில் அவள் என்பதை அவன் என்று மாற்ற மறந்திருந்தார்கள்.

அந்த அறிக்கையை ஏற்று அனுமதி கொடுத்தது ஓர் அரசு. அதைப் பெற்றுக்கொண்டு விசா வழங்கியது இன்னோர் அரசு. இரண்டு அரசுகளின் முத்திரையும் அந்தத் தாள்களில் இருக்கின்றன.

இது ஏதோ ஓர் இல்லத்தின் சோம்பேறித்தனம் என்று தள்ளிவிட முடியாது. 2025 மார்ச்சில் தென்கொரியாவின் உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் தன் முடிவை வெளியிட்டது. பெற்றோர் உயிரோடிருந்த குழந்தைகள் அநாதைகள் என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டார்கள். அனுப்பவேண்டிய குழந்தை இறந்துபோனாலோ, பெற்றவர் வந்து திரும்ப அழைத்துக்கொண்டாலோ, அதே அடையாளத்தில் வேறொரு குழந்தை அனுப்பப்பட்டது. கண்காணிக்க வேண்டிய அரசு கடமை தவறியது என்று ஆணையம் சொன்னது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அனுப்பிய நாடு அது. அந்த அக்டோபரில் அந்நாட்டு அதிபர் மன்னிப்புக் கேட்டார். இலங்கையில் பெற்ற தாய்க்குப் பதிலாக வேறொரு பெண்ணைக் கூலிக்கு அமர்த்தி, தாயாக நடிக்கவைத்துக் கையெழுத்து வாங்கிய கதைகள் வெளிவந்திருக்கின்றன. இன்று அந்தக் கோப்பைப் பிடித்துக்கொண்டு போகிறவர், யாரோ ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் நின்று, நான் உன் பிள்ளை இல்லை என்ற பதிலைக் கேட்டுவிட்டுத் திரும்புகிறார். கோப்பு இல்லாததைவிடக் கொடுமை, பொய்க் கோப்பு.

பெற்றுக்கொண்ட நாடுகளுக்கு இதெல்லாம் தெரியாதா? தெரியும். நெதர்லாந்து அரசு அமைத்த குழு 2021 பிப்ரவரியில் அதைத்தான் எழுதியது. வங்கதேசம், பிரேசில், கொலம்பியா, இந்தோனேசியா, இலங்கை ஆகிய நாடுகளிலிருந்து 1967க்கும் 1998க்கும் இடையே நடந்த தத்துகளை ஆராய்ந்து, முறைகேடுகள் நடப்பதை அரசு அறுபதுகளின் கடைசியிலிருந்தே அறிந்திருந்தும் வாளாவிருந்தது என்றது. அமைச்சர் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு நல்லதுதான். ஆனால் மன்னிப்பு கேட்ட மறுநாளும் தேடுகிறவர் அதே வரிசையில்தான் நிற்கிறார், கட்டணம் கட்டுகிறார், கோரிக்கை பரிசீலனையில் உள்ளது என்ற பதிலைப் பெறுகிறார்.

குடியுரிமை என்ற இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. ஐந்தாம் ஷரத்து, குழந்தை நாட்டுக்குள் வரவும் நிரந்தரமாக வசிக்கவும் அனுமதி இருப்பதைப் பெற்றுக்கொள்ளும் நாடு உறுதிசெய்ய வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறது. குடியுரிமை கொடுத்தே தீர வேண்டும் என்று உடன்படிக்கையில் எங்கும் இல்லை. அமெரிக்கா 2000ஆம் ஆண்டில் குடியுரிமைக்கென்று இன்னொரு சட்டம் செய்தது. 2001 பிப்ரவரி 27 அன்று அது நடைமுறைக்கு வந்தது. அன்றைக்குப் பதினெட்டு வயது நிரம்பாதவர்கள் உரிய நிபந்தனைகள் இருந்தால் தாமாகவே குடிமக்கள் ஆனார்கள். நிரம்பியவர்கள் விடுபட்டுப் போனார்கள். அதாவது, ஒரே வீட்டில் ஒரே பெற்றோர் தத்தெடுத்த இரண்டு பிள்ளைகளில் இளையவர் குடிமகன், மூத்தவர் அந்நியர் என்று ஆகலாம். மூத்தவர் செய்த தவறு, முன்னால் பிறந்தது. வளர்த்த பெற்றோர் குடியுரிமை விண்ணப்பத்தைப் போட மறந்திருந்தாலோ, தத்து உத்தரவே போதும் என்று நம்பியிருந்தாலோ, பிள்ளைக்கு அது பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கும்போதுதான் தெரிகிறது. குற்ற வழக்கில் சிக்கி, தண்டனை முடிந்த கையோடு, மொழியே தெரியாத பிறந்த நாட்டுக்கு நாடு கடத்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள். இதைச் சரிசெய்யும் மசோதா அந்நாட்டுப் பாராளுமன்றத்தில் திரும்பத் திரும்பக் கொண்டுவரப்பட்டும் சட்டம் ஆகவில்லை. அனுப்பிய நாடுகள் கேட்டிருக்கலாம்: எங்கள் பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்ததா என்று ஒரு சான்றை வாங்கிக் கோப்பில் சேர்த்திருக்கலாம். நான் பார்த்த பழைய கோப்புகளில், குழந்தை விமானம் ஏறியதோடு தாள்கள் நின்றுவிடுகின்றன. சிலவற்றில் முதல் ஆண்டு வளர்ச்சி அறிக்கை ஒன்று இருக்கும். கிறிஸ்துமஸ் மரத்தின் முன்னால் எடுத்த படத்தோடு.

பணத்தைப் பற்றிப் பேசாமல் தத்தைப் பற்றிப் பேச முடியாது. முப்பத்திரண்டாம் ஷரத்து, முறையற்ற ஆதாயம் கூடாது, செலவுகளும் நியாயமான தொழில்முறைக் கட்டணமும் மட்டும் வாங்கலாம் என்கிறது. நியாயம் என்பது எவ்வளவு? குவாதமாலாவில் 2007ஆம் ஆண்டில் மட்டும் நான்காயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். அந்நாட்டில் அப்போது நீதிமன்றம் பெயரளவுக்குத்தான், நோட்டரிதான் எல்லாம். பெற்ற தாய்க்கும், குழந்தைக்கும், தத்தெடுக்க வந்தவருக்கும் ஒரே நோட்டரி வக்கீலாக இருக்க முடிந்தது. மூன்று தரப்புக்கும் ஒரே ஆள் பேசினால் யாருக்காகப் பேசுவார் என்று கேட்கவேண்டியதில்லை, காசு கொடுத்தவருக்காகத்தான். அந்த ஆண்டு டிசம்பரில் புதிய சட்டம் வந்து, அந்த வழி அடைபட்டது. ரசீதுகள்? கட்டணம், நன்கொடை, இல்லத்துக்கு உதவி என்று பல பெயர்களில் கைமாறிய தொகை எங்கே எழுதப்பட்டது? யாருக்கு எவ்வளவு போனது என்பதும் அந்தக் குழந்தையின் வரலாறுதான். தன்னை அனுப்ப யார் எவ்வளவு வாங்கினார்கள் என்று அறியும் உரிமை அந்தக் குழந்தைக்கு உண்டு. ஆகவே பணம் போன வழியும் கோப்பில் இருக்க வேண்டும். கணக்கு ஒரு பெட்டியில், குழந்தை ஆவணம் வேறு பெட்டியில் என்ற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

இருநாட்டு ஒப்பந்தங்கள் இந்தக் குறைகளை நிரப்பும் என்று சொல்லப்படுவதுண்டு. உடன்படிக்கையின் முப்பத்தொன்பதாம் ஷரத்தே அதற்கு இடம் தருகிறது. ஆனால் நடைமுறை பற்றிய சில ஷரத்துகளிலிருந்து மட்டுமே விலகலாம், சம்மதம், ஆதாயம், ஆவணப் பாதுகாப்பு போன்றவற்றில் கைவைக்கக்கூடாது. நல்ல ஏற்பாடு. ஆனால் அனுபவம் என்ன சொல்கிறது? அமெரிக்காவும் வியட்நாமும் 2005இல் செய்துகொண்ட ஒப்பந்தம், முறைகேட்டுப் புகார்களுக்கு நடுவே 2008 செப்டம்பரில் புதுப்பிக்கப்படாமல் காலாவதியானது. அமெரிக்காவும் ரஷ்யாவும் செய்துகொண்டது இன்னும் வேடிக்கை. 2012 நவம்பர் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அதே டிசம்பர் கடைசியில், இரு நாட்டுக்கும் இடையே வேறொரு விவகாரத்தில் மூண்ட பகைக்குப் பதிலடியாக, அமெரிக்கர்கள் ரஷ்யக் குழந்தைகளைத் தத்தெடுப்பதையே ரஷ்யா தடைசெய்தது. ஏற்கெனவே குழந்தைகளைச் சந்தித்துப் பழகிவிட்டு, இறுதி உத்தரவுக்குக் காத்திருந்த குடும்பங்கள் நடுவழியில் நின்றன. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2017 ஜனவரியில் அதைப் பாரபட்சம் என்றது. அதற்குள் அந்தக் குழந்தைகளுக்கு நான்கு வயது கூடிவிட்டது. அரசுகள் கைகுலுக்கும், பிறகு முறைத்துக்கொள்ளும். அது அரசுகளின் இயல்பு. அதனால்தான் கேட்கிறேன்: ஒப்பந்தம் முறிந்தாலும், கோப்பைப் பாதுகாக்கும் கடமையும் தகவல் கொடுக்கும் கடமையும் முறியாது என்று ஒவ்வோர் இருநாட்டு ஒப்பந்தத்திலும் ஒரு வரி இருக்கட்டும். அந்த ஒரு வரிக்குப் பணச் செலவு கிடையாது.

இந்த இடத்தில் நீங்கள் சொல்லப்போகும் மறுப்பு எனக்குத் தெரியும். பெற்ற தாயின் அந்தரங்கம். இந்தியாவின் தத்து விதிகளே பதினெட்டு வயதுக்குப் பின் வேர் தேடலை அனுமதித்துவிட்டு, பிள்ளையின் உரிமை பெற்றோரின் அந்தரங்க உரிமையை மீறக்கூடாது என்று அடுத்த மூச்சில் சொல்கின்றன. இதை நான் அலட்சியமாகத் தள்ளமாட்டேன். மணமாகாமல் பெற்ற பிள்ளையை யாருக்கும் தெரியாமல் கொடுத்துவிட்டு, பிறகு கல்யாணம் ஆகி, பேரப்பிள்ளைகளோடு வாழும் ஒரு பெண்ணின் வாசலில் வெளிநாட்டுக் காரில் போய் இறங்கி, அம்மா என்று கூப்பிடும் உரிமை யாருக்கும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குக் கொடுத்த வாக்கு என்று ஒன்று உண்டு.

ஆனால் பாதுகாப்பது வேறு, காட்டுவது வேறு. அந்தரங்கத்தைச் சாக்காக வைத்துக் கோப்பைத் தேடவே மறுக்கும் அலுவலகங்களை நான் பார்த்திருக்கிறேன். தாயின் பெயரை மறைத்துவிட்டு மருத்துவ வரலாற்றைக் கொடுக்கலாமே? இருதய நோயும் சர்க்கரையும் பெயர் இல்லாமலும் புரியும். பயிற்சி பெற்ற ஓர் இடையாளர் அந்தப் பெண்ணை ரகசியமாகச் சந்தித்து, உங்கள் பிள்ளை நலமாக இருக்கிறார், பார்க்க விரும்புகிறீர்களா என்று ஒரே ஒரு முறை கேட்கலாமே? வேண்டாம் என்றால் வேண்டாம். அந்தப் பதிலையும் எழுதி வையுங்கள்; மனம் மாறினால் வந்து சொல்லவும் ஒரு வழி வையுங்கள். இன்னொன்று: தேடுகிறவர்கள் பிள்ளைகள் மட்டும்தான் என்று ஏன் எண்ணுகிறீர்கள்? காணாமல்போனதாக நினைத்த பிள்ளையைத் தேடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். படிக்கப் போகிறது, திரும்பி வரும் என்று நம்பிக் கைரேகை வைத்தவர்கள் இருக்கிறார்கள். 2007இல் சாட் நாட்டிலிருந்து ஒரு பிரெஞ்சுத் தொண்டுக் குழு விமானம் ஏற்றப் பார்த்த 103 குழந்தைகளில் பெரும்பாலானோருக்குப் பெற்றோர் இருந்தார்கள் என்பதை மறந்துவிட்டோமா? அந்தத் தாய்மார்கள் கேட்டால் கொடுப்பதற்கு உங்கள் விதிகளில் ஒரு படிவம்கூட இல்லை. அவர்களுடைய அந்தரங்கத்தைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டே அவர்களை வாசலில் நிற்கவைக்கிறீர்கள்.

பொய் கலந்த கோப்புகளை என்ன செய்வது என்பதிலும் உங்களிடம் ஒரு முடிவு வேண்டும். பொய் என்று தெரிந்த தாளைக் கிழித்துப் போடாதீர்கள், திருத்தியும் எழுதாதீர்கள். இது பொய், இன்ன ஆதாரத்தால் பொய் என்று தெரிகிறது என்று பக்கத்தில் குறிப்பு எழுதி அப்படியே வையுங்கள். யார் எந்தக் கையெழுத்தை இட்டார்கள் என்பது நாளை ஒரு விசாரணைக்குத் தேவைப்படும். ஐக்கிய நாடுகள் அவையின் நிபுணர் குழுக்கள் 2022 செப்டம்பரில் வெளியிட்ட கூட்டறிக்கை, சட்டவிரோதமான நாடு கடந்த தத்து சில சூழல்களில் மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாகவும் ஆகலாம் என்கிறது. அவ்வளவு பெரிய சொல்லைப் போட்ட பிறகு, ஆதாரத்தைக் கரையான் தின்ன விடுவது எந்த வகை நியாயம்? அதேசமயம், தாள் பொய் என்று நிரூபித்ததற்காகத் தேடியவரின் குடியுரிமையோ, வளர்த்த குடும்பத்தோடு அவருக்குள்ள சட்ட உறவோ ஆட்டம் காணக்கூடாது. இந்த உத்தரவாதம் இல்லாததாலேயே வாயைத் திறக்கப் பயந்து இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

முகமைகளின் கோப்புகள் அரசுக் காப்பகத்துக்கு வர வேண்டும். தென்கொரியா 2025 ஜூலையில் தொடங்கிய புதிய முறையில் இதைச் செய்யத் தொடங்கியிருக்கிறது. தத்து வேலையையே தனியார் முகமைகளிடமிருந்து அரசு எடுத்துக்கொண்டதோடு கோப்புகளும் கைமாறுகின்றன. நடைமுறையில் குறைபாடுகள் இருக்கலாம், திசை சரியானது. உடன்படிக்கைக்கு முந்தைய தத்துகளுக்கும் முப்பதாம் ஷரத்தின் கடமை பொருந்தும் என்று ஒவ்வொரு நாடும் தன் சட்டத்தில் எழுதிக்கொள்ளலாம். அதற்கு ஹேக் நகரின் அனுமதி தேவையில்லை. கோப்பைக் கேட்பதற்கு வளர்த்த பெற்றோரின் சம்மதக் கடிதம் கொண்டுவா என்று ஐம்பது வயதுக்காரரிடம் கேட்கும் வழக்கத்தை இன்றே நிறுத்தலாம். தேடியவர் இறந்துவிட்டால் அவருடைய பிள்ளைகளுக்கு அந்த உரிமை தொடர வேண்டும். பரம்பரை நோய்க்கு ஒரு தலைமுறையோடு நிற்கத் தெரியாது.

உங்கள் உடன்படிக்கைக்கு நீதிமன்றம் கிடையாது. மீறினால் தண்டனை கிடையாது. இருப்பது, சில ஆண்டுகளுக்கு ஒரு முறை கூடும் சிறப்பு ஆணையக் கூட்டம் ஒன்றுதான். கடைசியாக 2022 ஜூலையில் கூடியது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நீண்ட அறிக்கை எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மைய ஆணையமும் ஒரு பட்டியலைக் கொண்டுவரட்டும்: உங்கள் நாட்டில் இதுவரை தத்து வேலை செய்த முகமைகள், இல்லங்கள், அனுமதி இழந்தவை, மூடப்பட்டவை உட்பட எல்லாவற்றின் பெயர், அவற்றின் கோப்புகள் இப்போது எந்த ஊரில், எந்தக் கட்டடத்தில், யார் பொறுப்பில் இருக்கின்றன, எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை இருக்கின்றன, கேட்பதற்கு யாருக்கு எழுத வேண்டும். அதைப் பொதுவில் வெளியிடுங்கள். எரிந்துபோனவற்றை எரிந்துபோயின என்றும், வெள்ளத்தில் போனவற்றை வெள்ளத்தில் போயின என்றும் எழுதுங்கள். எங்கே என்று தெரியாதவற்றுக்கு நேராகத் தெரியவில்லை என்று எழுதி, கீழே ஓர் அதிகாரி கையெழுத்திடட்டும். தேடி அலைகிறவருக்கு அதுவும் ஒரு பதில்தான். இல்லாத கோப்புக்காக இன்னும் ஐந்து ஆண்டு மனுப் போட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

இப்படிக்கு,
பழைய தத்துக் கோப்புகளைத் தேட உதவிவரும் ஒருவன்